சாமான் வந்த பிறகு

இறங்காதீர்கள் தம்பி, உட்காருங்கள். வெளியே ஒரே ஒரு கருவேல மர நிழல்தான் இருக்கிறது, அதிலும் டிரைவர் போய் உட்கார்ந்துவிட்டார். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது. எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, வாசனையே சொல்கிறது. இந்தக் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஆணியிலிருந்து டயர் வரைக்கும் என் கையைத் தாண்டித்தான் வண்டிக்குப் போகும். போன் பண்ணியிருப்பார்கள். ஹோஸ் வரும், மாட்டுவார்கள், கிளம்புவோம். எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கூடை உங்கள் முழங்காலில் இடிக்கிறதோ? கொஞ்சம் இப்படித் திருப்பிக்கொள்கிறேன். அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், உள்ளே மண்சட்டி இருக்கிறது. இல்லை இல்லை, சீர்வரிசை எல்லாம் இல்லை. கல்யாணமும் இல்லை, வளைகாப்பும் இல்லை. நாய்க்குட்டிக்கு.

சிரிக்கலாம், பரவாயில்லை. கண்டக்டர் கூடைக்கு அரை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஆலடிக்குளத்தில் ஜெபமணி டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். என் மனைவி தங்கபுஷ்பமும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டீச்சர் இன்றைக்கு மத்தியானம் சென்னைக்குப் போகிறார், மகள் பிரசவத்துக்கு. திரும்பி வர ஆறு மாசம் ஆகுமாம். தாய் நாயைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். குட்டி ஒன்றே ஒன்று மிச்சம். பதினோரு மணிக்குள் நான் போனால் அது எனக்கு. போகாவிட்டால் ஒரு செங்கல் சூளைக்காரருக்கு. காவலுக்குக் கேட்கிறாராம். மணி என்ன, பத்து ஐந்தா? நேரம் கிடக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்.

நாய் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி மாசம் ஒரு நாள் டீச்சர் சங்கரன்கோவிலுக்கு வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். கதவைத் தட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. நான் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு என்ன பேச்சு, அவர் தென் மாவட்டங்களில் மழை என்றார், இங்கே ஒரு சொட்டு இல்லை என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் டீச்சர் நிற்கிறார்.

"அண்ணாச்சி, அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"எவரு?"

"டி.வி.க்காரரு."

டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்ல அஞ்சு குட்டி கெடக்கு. ஒண்ணைக் கொண்டாந்து வைங்க. அதுவும் பதில் சொல்லாது. ஆனா காதைத் தூக்கியாவது கேக்கும்" என்றார்.

சும்மா பார்க்கலாம் என்றுதான் போனேன். ஐந்தும் ஒரு சாக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதி சிப்பிப்பாறை ஜாதி, மீதி யார் என்று அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். அதில் ஒன்று, ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கினது, எழுந்து நேரே வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் தேர்ந்தெடுத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. கால் அங்கே இருந்தது, அது உட்கார்ந்தது. அடுத்த தடவை போனபோதும் அது வந்து உட்கார்ந்தது. நான் செருப்பைக் கழற்றி வைத்ததற்கு வேறு காரணம்.

"இன்னும் பதினஞ்சு நாள்ல எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். ஆடியில் சொன்னார். இப்போது புரட்டாசி. ஏன் என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஸ்டோர் சுவரில் நான் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தேன். 'சாமான் வந்த பிறகுதான் வண்டியில் கை வைக்க வேண்டும்.' சிவப்புப் பெயிண்ட். மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள் தெரியுமா, வண்டி வந்ததும் நாலைந்து பேராகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு போல்ட் இல்லை என்று அலைவார்கள். நான் விடமாட்டேன். எல்லாச் சாமானும் மேஜைமேல் வந்து உட்கார வேண்டும், பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம். ஒரு தடவை ஒரு வாஷருக்காக ஒரு வண்டி நாற்பது நாள் நின்றது. ஜன்னல் வழியாகப் பாகற்கொடி ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டது. காய்த்தது தம்பி. தங்கபுஷ்பம் புளிக்குழம்பு வைத்தாள். ஆனால் வண்டியில் ஒரு தப்பு நடந்ததா? நடக்கவில்லை. ஓடினால்தானே நடக்கும் என்று மெக்கானிக்குகள் சொன்னார்கள். பொறாமைக்காரர்கள்.

ஒரு போல்ட்டுக்கே இத்தனை என்றால் உயிருள்ள ஜீவனுக்கு எத்தனை வேண்டும்?

முதலில் கேட். என் வீட்டு இரும்பு கேட்டுக்கு அடியில் இடைவெளி. குட்டி நுழைந்து ரோட்டுக்குப் போய்விடுமா? எப்படித் தெரிந்துகொள்வது? டீச்சர் வீட்டில் அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். ஒரு தேங்காய் அளவு. ஊருக்கு வந்ததும் கடையில் அதே அளவுக்குத் தேங்காய் ஒன்று பொறுக்கி, உரித்து, கேட்டுக்கு அடியில் உருட்டினேன். நுழைந்தது. எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குத் திருஷ்டியா?" என்றாள். கம்பி வலை அடித்தேன். மறுபடி உருட்டினேன், நின்றது. முறை என்றால் இதுதான்.

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. எவர்சில்வர் வாங்கினேன், வெறும் தரையில் வைத்து விரலால் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது. குட்டி மூக்கால் தள்ளிக்கொண்டே தெருவுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் கடித்துவிடும். கடைசியில் அடி கனமான மண்சட்டி. அதைத் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம்.

பிறகு பெல்ட். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று படித்திருந்தேன். சணல் கயிற்றால் குட்டியின் கழுத்தை அளந்து, முடிச்சுப் போட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தோல் பை தைக்கிற செல்லையாவிடம் கொடுத்தேன். அவர் நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரப்பட மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். மூன்று வாரத்தில் கொடுத்தார். கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு விரல்கூட நுழையவில்லை. மறுபடி அளந்தேன், மறுபடி மூன்று வாரம். மறுபடி சேரவில்லை. மூன்றாவது தடவை செல்லையா கயிற்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, இது ஒரு நாயா, பரம்பரையா?" குட்டி இப்படி வளரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சரிடம் கேட்டேன், கொஞ்சம் மெதுவாகச் சோறு போடக் கூடாதா என்று. "ஏன், அளவு எடுக்க அது நிக்கணுமாக்கும்?" என்றார். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம். மூன்று பெல்ட்டும் இந்தப் பையில்தான் இருக்கிறது.

நாய்ச் சாமான் விற்கிற கடை ஒன்று திருநெல்வேலியில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். உள்ளே ஒரு பெண். "பப்பி என்ன பிரீட் அங்கிள்?" என்றாள். "ஜெபமணி டீச்சர் வீட்டு பிரீட்" என்றேன். எழுதிக்கொண்டாள். ரெயின்கோட் இருக்கிறது, பர்த்டே தொப்பி இருக்கிறது என்று எடுத்துப் போட்டாள். எங்கள் ஊரில் மழையே இல்லை, நாய்க்கு எதற்கு ரெயின்கோட்? வீண் செலவு எனக்குப் பிடிக்காது. தொப்பியை மட்டும் வாங்கினேன். ஆனி பன்னிரண்டு பிறந்தது. தேதி தெரிந்திருக்கும்போது வாங்கி வைப்பதுதானே முறை?

கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டர் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "நாய் எங்க?" என்றார். நாய் இன்னும் வரவில்லை டாக்டர், தடுப்பூசி அட்டையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன் என்றேன். பேனாவை எடுத்தார். "பேரு?"

"வேலாயுதப் பெருமாள்."

எழுதினார். "நாய்க்கு நல்ல பேரு. உங்க பேரு?"

"நான் சொன்னது என் பேருதான் டாக்டர்."

அடித்துத் திருத்தினால் அட்டை அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அரசாங்கக் காகிதத்தில் இப்போது நானும் அதுவும் ஒன்றுதான்.

கூடைக்குள் என்ன மெத்தென்று இருக்கிறது என்றா பார்க்கிறீர்கள்? தொட்டுப் பாருங்கள். ஸ்வெட்டர். இரண்டு. சாம்பல் நிறம் என்னுடையது, அரக்கு நிறம் தங்கபுஷ்பத்தினுடையது. முப்பது வருஷத்துச் சரக்கு என்றால் நம்புவீர்களா? ஒரு பூச்சி அரிப்பு காட்டுங்கள் பார்க்கலாம். வருஷா வருஷம் அந்துருண்டை மாற்றுவேன். அந்துருண்டை நாய்க்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார், அதனால் ஒரு மாசமாக மொட்டைமாடியில் காயப் போட்டேன். அதுவும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

ஊட்டிக்குப் போவதற்காக வாங்கியது. கல்யாணமாகி ஏழாம் வருஷம், முதலாளி பத்து நாள் லீவு கொடுத்தார். எங்களுக்குக் குழந்தை குட்டி இல்லை, கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஸ்வெட்டர் வாங்கினோம். பிளாஸ்க் வாங்கினோம். அவளுக்கு ஷூதான் அளவு கிடைக்கவில்லை. சின்னப் பாதம். குளிரில் செருப்போடு எப்படிக் கூட்டிப் போவது? ஷூ கிடைக்கட்டும் என்றேன். கிடைத்தபோது மழைக்காலம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் குடை போதாது என்று தோன்றியது. இப்படியே போயிற்று. ஆனால் பாருங்கள், போன மற்றவர்களுடைய ஸ்வெட்டர் எல்லாம் இன்றைக்கு எங்கே? கந்தலாகியிருக்கும். எங்களுடையது புத்தம் புதிது.

ஒரு சித்திரை மாசம் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறேன், கண்ணாடி முன்னால் அவள் இந்த அரக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். சித்திரை வெயிலில் தம்பி! கழுத்தெல்லாம் வேர்வை ஓடுகிறது. என்ன இது என்று கேட்டால், "ஊட்டிக்கு வந்திருக்கேன். நீங்க எப்ப வந்தீய?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கழற்று, வேர்வை பட்டால் கம்பளி வீணாகிவிடும் என்றேன். கழற்றி மடித்து வைத்துவிட்டாள். சொன்னால் கேட்பாள்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன் அடிக்கிறது, ஒரு நிமிஷம். டீச்சர்தான். ஹலோ... வந்துகொண்டே இருக்கிறேன் டீச்சர். வழியில்தான். பஸ் கொஞ்சம் நிற்கிறது... ஆமா, நிக்குதுன்னா ஓடலை... எல்லாம் தயார் டீச்சர். கூடை, சட்டி, பெல்ட்... தொப்பியா? தொப்பி உண்டு... சரி. சரி.

வைத்துவிட்டார். சூளைக்காரர் முன்னாலேயே வந்துவிட்டாராம். டெம்போ வாசலில் நிற்கிறதாம். அவர் என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒரு சங்கிலி. வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு சங்கிலியோடு ஒருவன் நாயை வாங்க வருகிறான்! அளவெடுத்தானா, கேட் பார்த்தானா? இருந்தாலும் ஆள் வந்துவிட்டார், அதுதான் டீச்சர் சொல்கிறார். "அவரு கையில சங்கிலிதான் இருக்கு அண்ணாச்சி, ஆனா அவரு கால் இங்க இருக்கு. ஒங்க கால் எங்க இருக்கு?" குட்டி டெம்போ சத்தத்துக்கு அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

முதலில் ஐந்து இருந்தது. அடுத்த தடவை மூன்று. பிறகு இரண்டு. ஆவணிக் கடைசியில் இது ஒன்றுதான். எனக்கென்று தானாகவே ஒதுங்கி நிற்கிறது பார்த்தீர்களா என்று டீச்சரிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறிவிட்டது. "தானா ஒண்ணும் நிக்கலை. வந்து கேட்ட நாலு பேரை நான் திருப்பி அனுப்புனேன்" என்றார். பிறகு, "புஷ்பம் ஒங்களைப் பத்திச் சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். விடாமல் கேட்டேன்.

"எமன் வந்தாலும் எங்க வீட்டுக்காரரு, எருமைக்குத் தண்ணித்தொட்டி வாங்கிட்டு வாரேன்னு வாசல்லயே நிக்க வச்சிருவாரு. அப்படிச் சொல்லுவா."

நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள். நிற்க வைக்க முடிந்திருந்தால் வைத்திருக்க மாட்டேனா. கோமதி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், தலை சுற்றுகிறது என்றாள், தண்ணீர் கொண்டு வருவதற்குள்... அவன் ஒரு சாமானும் கேட்கவில்லை.

சரி விடுங்கள். மணி என்ன? பத்து முப்பத்தைந்தா? அதற்குள்ளாகவா?

கண்டக்டர்! இங்கே வாங்க. ஹோஸ் எங்கே வருகிறது?... ஸ்டோரில் இருப்பு இல்லையா? மதுரையிலிருந்தா? மதுரையிலிருந்து வர எத்தனை மணி ஆகும்? அட, அதுவரைக்கும் பழைய டியூப் ஒன்றை வெட்டிச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டலாமே? டிரைவருக்குத் தெரியாதா?... டிரைவரும் அதைத்தான் சொன்னாரா? பிறகு என்ன?... ஸ்டோரில் விடமாட்டேன் என்கிறார்களா. ஏன்?... என்னது, சுவரில் எழுதியிருக்கிறதா?

எழுதியிருக்கிறதாம் தம்பி. சாமான் வந்த பிறகுதான் வண்டியில் கை வைக்க வேண்டும் என்று. எட்டு வருஷம் ஆகிறது நான் ரிட்டயர் ஆகி. இன்னுமா அதை அழிக்கவில்லை?

நல்ல பெயிண்ட். இரண்டு கோட் அடித்தேன்.

அடுத்த பஸ் பதினொன்றரைக்காம். ஆட்டோ ஒன்றும் வராது இந்த ரோட்டில். நடந்தால்? ரோட்டு வழியாக ஆறு கிலோமீட்டர் இருக்கும். என்ன சொல்கிறீர்கள்? அந்தக் குளத்துக் கரை வழியாகவா? அதோ தெரிகிற பனைமரத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆலடிக்குளமா? நீங்கள் இந்தப் பக்கத்து ஆளா, முதலிலேயே சொல்லக் கூடாதா! அரை மணி நேரம் போதுமா? எனக்கு அறுபத்தாறு வயசு, நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம்.

இருங்கள், கூடையை எடுத்துக்கொள்கிறேன். பையைத் தோளில் போட்டால்... அந்த இன்னொரு பையையும் கொஞ்சம் தூக்கி விடுங்கள். குட்டிக்குக் கீழே விரிக்கப் பழைய பேப்பர் கட்டு இருக்கிறதே, அதை எந்தக் கையில் பிடிப்பது? கரையில் கருவேல முள்ளா. மடையில் ஒற்றைப் பலகையா. கூடையோடு ஆள் தாண்ட முடியாதா?

இரண்டு நடையாகக் கொண்டு போனால்? இல்லை. நேரம் இல்லை.

சட்டி இல்லாமல் எப்படிச் சாப்பிடும்? ... நீங்கள் கேட்பது சரிதான். இத்தனை நாளும் அது எதிலோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

போன் போடுகிறேன் இருங்கள். டீச்சர், நான்தான். பஸ் ஓடாது. குளத்துக் கரை வழியா நடந்து வாரேன்... கூடை இல்லை. சட்டியும் இல்லை. பெல்ட்டும் இல்லை டீச்சர். ஒண்ணும் இல்லாமத்தான் வாரேன்... நெசமாத்தான். ஏன் பேச மாட்டேங்கீங்க? ஹலோ?

கால் மணி நேரம் கூடத் தருகிறாராம் தம்பி. பதினொன்றேகால். சூளைக்காரருக்குக் காபி போடப் போகிறாராம், மெதுவாகப் போடுவாராம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிரசவத்துக்குப் போகிற அவசரம், பாவம்.

இந்தச் சாமானெல்லாம் இங்கேயே கிடக்கட்டும். உங்களுக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடை நல்ல பிரம்பு. சட்டியில் மீன்குழம்பு வைக்கலாம், இன்னும் ஒன்றும் படாத சட்டி. தொப்பி, வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது இருந்தால். பெல்ட்டா? எந்த பெல்ட்டைக் கொடுக்கிறீர்கள், மூன்றாவதா? வேண்டாம். அது கழுத்து, அது பாட்டுக்கு வளரட்டும்.

ஸ்வெட்டரை மட்டும் கொடுங்கள். இரண்டும் வேண்டாம். அரக்கு போதும். குட்டி பயந்திருக்கிறது, இதில் சுற்றித் தூக்கிக்கொண்டு வரலாம். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் காற்று அடிக்கும். வேர்வை படும்தான். கடிக்கவும் செய்யும். செய்யட்டும்.

படியில் கொஞ்சம் கை கொடுங்கள். போதும். அந்தப் பனைமரம்தானே? சரி.

தம்பி, ஒன்று. நான் போன பிறகு ஹோஸ் வந்துவிட்டதென்றால், பெரியவர் சாமான் இங்கே இருக்கிறது, ஆள் வரட்டும் என்று கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். கிளம்பிவிடுங்கள்.